ஏழு வயது நிரம்பாத மகளுக்கு அக்குள் முடியும் வியர்வை நாற்றமும்: முன்கூட்டிய அட்ரினார்க்கி பற்றி விளக்கம் வேண்டும்

தாமிரபரணிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இப்போது ஆறு வயது பத்து மாதம் ஆகிறது. பள்ளி விட்டு வந்து சீருடையைக் கழற்றிப் போடும்போது பெரியவர்களுக்கு வருவது போன்ற வியர்வை நாற்றம் அடிப்பதைக் கோடையிலேயே கவனித்தேன். மழைக்காலம் வந்த பிறகும் அது குறையவில்லை. அதன் பின்னர் அக்குளிலும் அந்தரங்கப் பகுதியிலும் கருத்த, தடித்த முடிகள் சில தெரியத் தொடங்கின. மூக்கின் மேலும் நெற்றியிலும் எண்ணெய் வழிகிறது. மார்பக வளர்ச்சி எதுவும் இல்லை.

குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டினோம். உயரம் 124 சென்டிமீட்டர், எடை 28 கிலோ. காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் டி.எச்.ஈ.ஏ.எஸ். 78 மைக்ரோகிராம்/டெசிலிட்டர், 17-ஓ.எச். புரொஜெஸ்டிரோன் 0.9 நானோகிராம்/மில்லிலிட்டர், எல்.எச். 0.1-க்கும் குறைவு, தைராய்டு சரியாக உள்ளது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 5.4 என்று வந்தது. இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது எட்டு என்றார்கள். "இது முன்கூட்டிய அட்ரினார்க்கி, மருந்து தேவையில்லை, எடையைக் கவனியுங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் பிறந்தபோது எடை 2.2 கிலோதான். அதனால் வீட்டில் எல்லோரும் அவளைத் தேற்றிவிட வேண்டும் என்று நெய்யும் சத்து மாவுமாக ஊட்டினோம். இரண்டு வயதுக்குள் நன்றாகச் சதை பிடித்துவிட்டாள். என் தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு.

எனக்கு மூன்று கேள்விகள் இருக்கின்றன. இவள் எட்டு வயதிலேயே பூப்பெய்திவிடுவாளா என்று வீட்டுப் பெரியவர்கள் தினமும் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசி இருக்கிறது என்கிறார்களே, அதை ஏன் எங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை? முடி முளைப்பதற்கும் எடைக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு?

சுரப்பி மருத்துவர்

சகோதரி, குழந்தையை நேரில் பார்க்காமல் நான் நோயறுதி சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டியவற்றை முறையாகப் பார்த்திருக்கிறார் என்பது தெரிகிறது.

குழந்தையின் உடலில் பருவ மாற்றங்களைக் கொண்டுவரும் இரண்டு ஏற்பாடுகள் தனித்தனியாக இயங்குகின்றன. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸும் பிட்யூட்டரியும் சினைப்பையைத் தூண்டுவது ஒன்று. மார்பக வளர்ச்சியும், அதற்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்து வரும் மாதவிடாயும் அதன் விளைவுகள். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளின் புறணியில் உட்புற அடுக்கு முதிர்ந்து, டி.எச்.ஈ.ஏ., டி.எச்.ஈ.ஏ.எஸ். போன்ற வலுக் குறைந்த ஆண்தன்மை ஹார்மோன்களைச் சுரக்கத் தொடங்குவது மற்றொன்று. எல்லாக் குழந்தைகளுக்கும், ஆணானாலும் பெண்ணானாலும், ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இது சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது. முடியும் நாற்றமும் எண்ணெய்ப் பசையும் வெளியே தெரிவதற்குத்தான் மேலும் சில ஆண்டுகள் ஆகும். பெண் குழந்தைக்கு எட்டு வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் அந்த அறிகுறிகள் தெரிந்து, டி.எச்.ஈ.ஏ.எஸ். அளவு வயதுக்கு உரியதைவிடக் கூடி (பெரும்பாலும் 40 மைக்ரோகிராமுக்கு மேல்), வேறு காரணம் எதுவும் இல்லை என்றும் உறுதியானால் அதை முன்கூட்டிய அட்ரினார்க்கி என்கிறோம்.

"வேறு காரணம் இல்லை" என்பதை உறுதிசெய்வதுதான் இதில் மருத்துவரின் முதல் வேலை. பிறவியிலேயே அட்ரீனலில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்னும் நொதி குறைவாக இருக்கும் ஒரு நிலை உண்டு. அதன் மிதமான வகை இதே அறிகுறிகளுடன்தான் வெளிப்படும். அந்த நொதி குறைந்தால் 17-ஓ.எச். புரொஜெஸ்டிரோன் இரத்தத்தில் தேங்கிக் கூடும். அதற்காகத்தான் அதைக் காலையில் எடுக்கச் சொல்கிறோம். 2 நானோகிராமுக்கு மேல் இருந்தால், அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஊசி போட்டு மறுபடி அளந்து பார்ப்போம். அப்போது 10-ஐத் தாண்டினால் அந்த நோய் என்று கொள்வோம். உங்கள் மகளுக்கு 0.9 என்பதால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் விலகுகிறது. அட்ரீனல் கட்டி மிக அரிது, அதில் டி.எச்.ஈ.ஏ.எஸ். பொதுவாகப் பல நூறுகளில் இருக்கும், குரல் கனக்கும், பிறப்புறுப்பின் முனை பெரிதாகும், எல்லாம் சில வாரங்களிலோ மாதங்களிலோ வேகமாக நடக்கும். வீட்டில் ஆண்கள் எவரேனும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு பூசுகிறார்களா என்று உங்களிடம் கேட்டிருப்பார்கள். பூசியவரின் தோலிலிருந்து குழந்தையின் தோலுக்கு அது ஒட்டிக்கொண்டு இத்தகைய மாற்றங்களை உண்டாக்கியதுண்டு.

எலும்பு வயது ஓராண்டோ சற்றுக் கூடுதலாகவோ முந்தியிருப்பது இக்குழந்தைகளில் வழக்கம். வயதை மீறிய உயரமும் அப்படித்தான். இறுதி உயரம் பெரும்பாலும் குடும்பத்துக்கு ஏற்றபடியே அமைந்துவிடுகிறது. எலும்பு வயது இரண்டாண்டுகளுக்கு மேல் முந்தினால்தான் மீண்டும் தேடிப் பார்ப்போம்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். சினைப்பையைத் தூண்டப் பிட்யூட்டரி சுரக்கும் எல்.எச். ஹார்மோன் அடங்கியிருக்கிறது, மார்பக மொட்டும் இல்லை என்பதால் மூளை வழியிலான பருவமடைதல் இன்னும் தொடங்கவில்லை. முன்கூட்டிய அட்ரினார்க்கி உள்ள பெண் குழந்தைகள் பெரும்பாலும் இயல்பான வயதிலேயே பூப்பெய்துகிறார்கள். சிலருக்குச் சில மாதங்கள் முந்தலாம், குறிப்பாக எடை கூடியிருந்தால். பெரியவர்களிடம் இதை நீங்கள் துணிந்து சொல்லலாம். பருவத்தைத் தள்ளிப்போடும் லூப்ரோலைடு போன்ற ஊசிகள் பிட்யூட்டரியை அடக்குவன. அட்ரீனலின் இந்தச் சுரப்பை அவை தொடுவதே இல்லை. பயனில்லாத ஊசியை உங்கள் மருத்துவர் எழுதாமல் விட்டது சரியே.

மூன்றாவது கேள்வியை ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் என்னைவிட விரிவாகச் சொல்வார்கள். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன்: அவளுடைய கழுத்தின் பின்புறமும் அக்குள் மடிப்பும் கருத்து, தொட்டால் வெல்வெட்டுத் துணி போலத் தடித்திருக்கின்றனவா?

இரு மகள்களின் தாய்

என் மூத்த மகளுக்கு ஏழு வயதில் இதே அறிகுறிகள் வந்தன. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. பதினொன்றரை வயதில் பூப்பெய்தினாள், அவளுடைய வகுப்புத் தோழிகள் பலரைப் போலவே. எனவே அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள்.

எங்களைத் தவிக்க வைத்தது அதன் பிறகு நடந்த ஒன்றுதான். முதல் ஆண்டில் மாதவிடாய் முறையாக வரவில்லை என்று ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்தோம்; "சினைப்பையில் நீர்க்கட்டிகள்" என்று எழுதிக் கொடுத்து, உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். குழந்தை அழுதுகொண்டே வீடு திரும்பினாள். எங்கள் சுரப்பி மருத்துவர் அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு, பூப்பெய்தி எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேன் தோற்றத்தை வைத்து பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி நோய்) என்று முடிவு செய்யக் கூடாது என்றும், வளரிளம் பெண்களின் சினைப்பையில் பல சிறு நீர்ப்பைகள் தெரிவது இயல்பே என்றும், முதல் ஆண்டில் சுழற்சி சீராக இல்லாதது நோயல்ல என்றும் பொறுமையாக விளக்கினார். ஓராண்டு தாண்டியும் இருபத்தொரு நாளுக்குக் குறைவாகவோ நாற்பத்தைந்து நாளுக்கு மேலாகவோ சுழற்சி அமைந்து, அதனுடன் முகத்தில் முடியும் கடும் பருக்களும் இருந்தால் அப்போது பார்ப்போம் என்றார். இப்போது அவளுக்கு எல்லாம் சீராகவே இருக்கிறது. உங்கள் மகள் அந்த வயதை அடையும்போது, முன்பு அட்ரினார்க்கி இருந்தது என்பதைக் கேட்ட மாத்திரத்தில் எவரேனும் பி.சி.ஓ.எஸ். முத்திரை குத்தினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயதுக் குழந்தைக்குத் தன் உடலில் ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். பள்ளியில் ஒரு சிறுமி மூக்கைப் பொத்திக்கொண்டதற்காக என் மகள் பல நாள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்றாள். காலையிலும் பள்ளி விட்டு வந்ததும் குளிப்பது, அக்குளைச் சோப்பிட்டுக் கழுவி நன்றாகத் துடைத்து உலரவிடுவது, பருத்தி உள்ளாடை, தேவையானால் குழந்தைகளுக்கு ஏற்ற மென்மையான டியோடரன்ட் என்று பழக்கினோம். முடியை எடுக்கும் கிரீம்களை அந்த வயதில் தொட வேண்டாம்; அவள் வெட்கப்பட்டால் சிறு கத்தரியால் ஒட்ட நறுக்கிவிட்டாலே போதும். உறவினர் முன்னிலையில் இதைப் பற்றிப் பேசுவதை முதலில் நிறுத்துங்கள்.

ஆய்வக ஜன்னல்

நான் மருத்துவர் அல்லன். ஸ்டீராய்டு ஹார்மோன்கள் தொடர்பான ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எடைக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு பற்றிய கேள்விக்கு இதுவரை வெளிவந்த ஆய்வுகளைக் கொண்டு பதில் சொல்ல முயல்கிறேன், ஏனெனில் இணையத்தில் அவற்றில் ஒரு பாதி மட்டுமே பரவியிருக்கிறது.

பரவியிருக்கும் பாதி பார்சிலோனாவிலிருந்து வந்தது. லூர்தெஸ் இபானியெஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே அந்தரங்க முடி முளைத்த பெண் குழந்தைகளின் பிறப்பு எடை ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்ததையும், பின்னாளில் இன்சுலின் மிகுதியும் சினைப்பையின் ஆண்தன்மை ஹார்மோன் மிகுதியும் கண்டவர்களிடம் அது மேலும் குறைவாக இருந்ததையும் காட்டினார்கள். கருவில் வளர்ச்சி குன்றுவது, பிறகு வேகமாக எடை கூடுவது, முன்கூட்டிய முடி, இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை), பி.சி.ஓ.எஸ். என்று ஒன்றன் பின் ஒன்றாக நீளும் ஒரு தொடரை அவர்கள் முன்வைத்தார்கள். நியூயார்க்கில் கரீபியப் பின்னணியுடைய ஹிஸ்பானியச் சிறுமிகளிடமும் ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுமிகளிடமும் 1990-களில் நடந்த ஆய்வுகளும், இந்நிலை உள்ள பலருக்கு இன்சுலினின் செயல்திறன் குறைந்திருப்பதையும் கழுத்துக் கருமை இருப்பதையும் பதிவு செய்தன.

பரவாத பாதி பின்லாந்தின் குவோபியோ நகரத்தில் இருந்து வந்தது. அங்கே ஏழு வயதளவில் இந்நிலை கண்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண் குழந்தைகளையும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் பிற குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்து, அவர்களில் பலரை வளர்ந்த பருவம் வரை பின்தொடர்ந்தார்கள். குழந்தைப் பருவத்தில் எடையும் இன்சுலினும் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் பதினெட்டு வயதளவில் மீண்டும் அளந்தபோது, இன்சுலின் எதிர்ப்பில் தெரிந்த வேறுபாடு பெரிதும் உடற்கொழுப்பால், குறிப்பாக வயிற்றுக் கொழுப்பால் விளக்கக்கூடியதாக இருந்தது, பி.சி.ஓ.எஸ். அவர்களிடம் தனித்துக் கூடியிருக்கவில்லை. ஆக, எந்த மக்களிடம் ஆராய்ந்தார்கள், எந்த எடையுடைய குழந்தைகளைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறுகின்றன. ஒரு நாட்டு ஆய்வை எடுத்துக்கொண்டு உங்கள் மகளின் எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது.

எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு வலுவாகத் தோன்றுவது பிறப்புக்குப் பிந்தைய எடை வளர்ச்சிதான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் சாதாரணக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் 2004-ஆம் ஆண்டு அறிக்கை, குறைந்த எடையில் பிறந்து முதல் மூன்று ஆண்டுகளில் வேகமாக எடை கூடிய குழந்தைகளுக்கு எட்டு வயதில் அட்ரீனல் ஆண்தன்மை ஹார்மோன்கள் மிகுந்திருந்ததைக் கண்டது. நீங்கள் விவரித்த வளர்ச்சி இதனுடன் ஒத்துப்போகிறது. இதற்காக நீங்கள் வருந்தத் தேவையில்லை; எடை குறைந்து பிறந்த குழந்தையை ஊட்டித் தேற்றாத வீடு நம்மிடையே ஏது?

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தத்தில் இன்சுலின் மிகும்போது, அதுவும் அதனுடன் ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணியும் அட்ரீனல் புறணியைக் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுகின்றன. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் என்னும் ஹார்மோனும் ஆண்தன்மை ஹார்மோன் உண்டாகும் வழியிலுள்ள நொதிச் செயலை முடுக்குவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இதே இன்சுலின் கல்லீரலில் எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. அந்தப் புரதம் குறைந்தால் கட்டுண்டிருக்க வேண்டிய ஹார்மோன் கட்டில்லாமல் உலவித் தோலிலும் முடிவேரிலும் வேலை செய்கிறது. அண்மைக் காலத்தில் 11-கீட்டோ டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இக்குழந்தைகளில் மிகுந்திருப்பது தெரியவந்துள்ளது. டி.எச்.ஈ.ஏ.எஸ். தன்னளவில் வலுவற்றது, முடியையும் நாற்றத்தையும் உண்டாக்குவதில் இந்த 11-கீட்டோ வகைக்கே பெரும்பங்கு இருக்கலாம் என்று என் துறையில் பலர் கருதுகிறார்கள்.

நம் நாட்டுக்கு உரிய ஒரு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு பிறந்த குழந்தைகளை அளந்தபோது அவற்றின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு அது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலுக்கடியிலுள்ள கொழுப்பு மட்டும் புனேக் குழந்தைகளிடம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. அது அட்ரினார்க்கி பற்றிய ஆய்வு அன்று. ஆயினும் ஒல்லியாகத் தெரியும் நம் குழந்தைகளிடம்கூடத் தசைக்கு மிஞ்சிய கொழுப்பு இருக்கக்கூடும் என்பதால், எடைக் கருவி காட்டும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

கொங்கு அப்பா

பயனுள்ள உரையாடல். பிராய்லர் கோழிதான் இதற்கெல்லாம் காரணம் என்று எங்கள் பகுதியில் உறுதியாக நம்புகிறார்கள். அது உண்மையா? மேலும், என் மகனுக்கு எட்டு வயதில் இதே போல முடி தெரிகிறது. ஆண் குழந்தைக்கும் இதே அணுகுமுறைதானா?

தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. டாக்டர், நீங்கள் கேட்டது போலவே கழுத்தின் பின்புறம் கருமை இருக்கிறது. அழுக்கு என்று எண்ணிப் பாட்டி ஒவ்வொரு ஞாயிறும் பயத்தம் மாவும் எலுமிச்சையும் வைத்துத் தேய்க்கிறார்; தோல் சிவக்கிறதே தவிரக் கருமை போகவில்லை. எடையைக் கவனியுங்கள் என்றால் ஏழு வயதுக் குழந்தையைப் பட்டினி போட முடியாதே, நடைமுறையில் நான் என்ன செய்வது? சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்பார்மின் மாத்திரை கொடுக்கலாம் என்று ஓரிடத்தில் படித்தேன்.

சுரப்பி மருத்துவர்

பாட்டியிடம் தேய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது அழுக்கே அன்று. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதால் அந்த மடிப்புகளில் தோல் தடித்துக் கருக்கிறது. தேய்த்தால் புண்ணாகி மேலும் கருக்கும். இன்சுலின் இறங்கும்போது அது தானாகவே மெல்ல வெளுக்கும். வெறும் வயிற்றில் இன்சுலினை அடிக்கடி அளப்பதைவிட அந்தக் கழுத்தைப் பார்ப்பதே எனக்குக் கூடுதலாக உதவுகிறது.

அவளுடைய உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 18.2 வருகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் இது இந்த வயதுப் பெண் குழந்தைக்கான அதிக எடைக் கோட்டுக்கு மேலே இருக்கிறது. இதற்காக எடையைக் குறைக்க வேண்டியதில்லை. உயரம் கூடிக்கொண்டிருக்கும் வயது என்பதால், எடை ஏறும் வேகத்தை மட்டுப்படுத்தினாலே உடல் நிறை எண் இறங்கிவிடும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள், அதாவது இப்போதைக்கு 62 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும்.

தட்டில் இருப்பதைக் குறைப்பதற்கு முன் டம்ளரில் இருப்பதைப் பாருங்கள். காலையும் மாலையும் பாலில் போடும் சர்க்கரை, அதன் மேல் கலக்கும் சத்துப் பானத் தூள், கூடவே தரும் பிஸ்கட், பள்ளி வாசலில் வாங்கும் குளிர்பானம் ஆகிய இந்நான்கையும் நிறுத்திய வீடுகளில், சோற்றில் பெரிதாகக் கைவைக்காமலேயே மாற்றம் வருவதை நான் தொடர்ந்து பார்க்கிறேன். மாலைப் பசிக்குச் சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, கொய்யா, மோர் கொடுங்கள். இட்லி தோசையைக் குறைக்க மனமில்லாவிட்டால் சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். ஒரு முட்டை சேர்ப்பதும் நல்லது. அவளுக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம், வீடு முழுவதும் அதையே உண்ணட்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது உறக்கம் வேண்டும். இரவு பத்தரை வரை கைப்பேசி பார்த்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு எழும் குழந்தைகளிடம் எந்த உணவுத் திட்டமும் எடுபடுவதில்லை.

மெட்பார்மின் பற்றி நீங்கள் படித்ததும் பார்சிலோனா ஆய்வாகவே இருக்கும். குறைந்த எடையில் பிறந்து முன்கூட்டிய முடி கண்ட சிறுமிகளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை அதைக் கொடுத்தபோது பின்னாளில் முடி மிகுதியும் மாதவிடாய்க் கோளாறும் குறைந்தன என்று 2011-இல் எழுதினார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் 38 பேர் மட்டுமே. அதை நம்பி எல்லாக் குழந்தைகளுக்கும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. வழக்கமான சிகிச்சையாக அது பரிந்துரைக்கப்படவும் இல்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், எடை, இரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். எட்டு வயதுக்கு முன் மார்பக மொட்டு தென்பட்டாலோ, குரல் மாறினாலோ, முடி சில வாரங்களில் வேகமாக அடர்ந்தாலோ ஆறு மாதம் காத்திருக்காமல் உடனே செல்லுங்கள். எச்.பி.ஏ.1.சி. 5.7-க்குக் கீழே இருப்பதால் இப்போது கவலையில்லை. ஆனால் அதிக எடையும் கழுத்துக் கருமையும் பாட்டியின் சர்க்கரை நோயும் சேர்ந்திருப்பதால், பத்து வயதிலோ மார்பக வளர்ச்சி தொடங்கும்போதோ, எது முந்துகிறதோ அப்போது, சர்க்கரைப் பரிசோதனையை மீண்டும் செய்துவிடுங்கள். அதனுடன் கொழுப்பு அளவும் கல்லீரல் நொதியும் பார்த்துக்கொள்ளலாம்.

கொங்கு ஐயாவுக்கு: பிராய்லர் கோழி விரைவாக வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனப்பெருக்கத்தாலும் தீவனத்தாலும்தான். இக்குழந்தைகளின் இரத்தத்தில் நாம் அளப்பது அவர்களுடைய சொந்த அட்ரீனல் சுரந்த ஹார்மோன். கோழியைக் குழம்பாக வைத்துக் கொடுங்கள். வாரம் மூன்று நாள் பொரித்துக் கொடுப்பதுதான் எடையின் வழியே சிக்கலைக் கொண்டுவரும். உங்கள் மகன் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஆண் குழந்தைக்கு ஒன்பது வயதுக்கு முன் முடி தெரிந்தால், அளவு குறித்த மணிகள் கோத்த மாலையைக் கொண்டு விரைகளின் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 4 மில்லிலிட்டரை எட்டியிருந்தால் அது மூளை வழியிலான பருவமடைதலாக இருக்கக்கூடும். ஆண் குழந்தைகளில் அதற்குப் பின்னால் மூளையில் ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு பெண் குழந்தைகளைவிட அதிகம் என்பதால் எம்.ஆர்.ஐ. வரை போக நேரலாம். விரைகள் சிறியனவாகவே இருந்தால் மேலே சொன்ன அதே இரத்தப் பரிசோதனைகள்தான். இந்த மாதத்துக்குள் ஒரு குழந்தைகள் சுரப்பி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்போது பள்ளியில் ஆண்டுதோறும் எழுதித் தந்த உயரப் பதிவுகள் இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.